ரொம்பினுக்குப் போகும் தம்பிக்கு

தம்பி, வருகிற வெள்ளிக்கிழமை இரவு கடற்பாலம் தாண்டி கோலா ரொம்பினுக்கு மயில்மீன் பிடிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பெடோக்கிலும் சாங்கியிலும் தூண்டில் போட்டுப் பழகிய கை உனக்கு. முடிச்சுப் போட நான் கற்றுத்தரத் தேவையில்லை. ஆனால் அடுத்தவர் நாட்டுக்குப் போய், அடுத்தவர் கடலில் மீன் பிடிப்பது வேறு. முப்பது ஆண்டுகளாகப் போய்வந்து, பல தடவை தவறி, நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. கடப்பிதழை முந்தைய வாரமே எடுத்துப் பார். உன்னுடையதை மட்டுமல்ல, உன்னோடு வருகிற எல்லாருடையதையும் பார். காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் காரில் போகிறவர்கள் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். அதை நம்பிக் கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதே, அந்தப் பக்கம் கேட்பார்கள். ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் போனோம். ஒருவனுடைய கடப்பிதழில் நான்கு மாதம்தான் பாக்கி. ஜொகூர் முகப்பில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். படகுக்கு முன்பணம் கட்டியாயிற்றே என்று அவனை அங்கேயே இறக்கிவிட்டு நாங்கள் நான்கு பேரும் போய்விட்டோம். அந்தப் பயணத்தில் என்ன பிடித்தோம் என்று இன்று கேட்டால் எனக்கு நினைவில்லை. தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேருந்து வரிசையில் நின்ற அவன் முகம் நினைவில் இருக்கிறது. ஒன்றாகக் கிளம்பினால் ஒன்றாகத் திரும்பு, தம்பி. பணம் போனால் போகட்டும்.

2. கார் விஷயத்தில் சட்டத்தோடு விளையாடாதே. சிங்கப்பூரை விட்டு வெளியே போகும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். 1991லிருந்து இதுதான் விதி. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடு. 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் போடுகிறார்கள். அங்கே பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் கைப்பிடியைத் தொடாதே. அந்த 95 ரக பெட்ரோல் அந்நாட்டு மக்களுக்காக அவர்கள் அரசு மானியம் கொடுத்து விற்பது. நமக்கு அதை விற்கக்கூடாது என்று தெரிந்தும் யாரும் பார்க்கவில்லையென்று நிரப்புகிறவர்கள் உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் அரிசிப் பானையில் கைவிடுவது போலத்தான் அது.

3. வெள்ளி இரவுக் கூட்டத்தில் பாலத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். கோபப்படாதே. முகப்பில் உட்கார்ந்திருப்பவர் உனக்கு முன்னால் எத்தனை ஆயிரம் முகம் பார்த்திருப்பார்! கண்ணாடியை இறக்கி, விளக்கைப் போட்டு, ‘செலாமட் மாலாம்’ என்று சொல்.

4. கோத்தா திங்கி தாண்டி மெர்சிங் போகும் சாலையில் இரவில் வேகம் வேண்டாம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டமும் காடும்தான். யானை கடக்கும் இடமென்று மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தூக்கம் வந்தால் ஒரு சாப்பாட்டுக் கடையோரமாக நிறுத்தி, தே தாரிக் குடித்து, அரைமணி கண்ணயர்ந்துவிட்டுப் போ. மீன் உனக்காகக் காத்திருக்கும், அம்மாவால் காத்திருக்க முடியாது.

5. படகில் ஏறியபிறகு தெக்கோங் சொல்வதுதான் சட்டம். அங்கே படகோட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். வயதில் மூத்தவரென்றால் ‘பாக் சிக்’ என்று கூப்பிடு, மனம் குளிர்ந்துபோவார். நீ கூலி கொடுத்திருக்கலாம், அதற்காக அவர் உன் வேலைக்காரர் ஆகிவிடமாட்டார். அந்தத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர் அவர். தொழுகைக்கு நேரமானால் ஒதுங்கி இடம் கொடு. உன் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பன்றியிறைச்சியோ பீர் டின்னோ இருக்கவேண்டாம்.

எனக்கு இது புரிய ஒரு மழை தேவைப்பட்டது. ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, மேற்கே கரைப்பக்கம் வானம் மையாகக் கறுத்தது. தெக்கோங் நங்கூரத்தை இழுக்கச் சொன்னார். அன்று காலையிலிருந்து எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘இன்னும் அரைமணி’ என்று நான் விடாப்பிடியாக நின்றேன். முழுநாள் வாடகை கொடுத்திருக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நங்கூரத்தை விட்டுவிட்டார். அரைமணி முடிவதற்குள் காற்று வந்துவிட்டது. திரும்பும் வழியில் அலை படகின் மூக்கைத் தாண்டி உள்ளே விழுந்தது. எங்களோடு வந்த பையன் ஒருவன் உயிர்காப்புச் சட்டையைக் கட்டக்கூடத் தெரியாமல் அழுதான். தெக்கோங் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவன் சட்டைக் கொக்கியை மாட்டிவிட்டார். கரை சேர்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை’ என்றார். ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டுகள், நான் கேட்ட தேதிகளிலெல்லாம் அவர் படகு நிறைந்திருந்தது. உயிர்காப்புச் சட்டையைத் துறைமேடையிலேயே போட்டுக்கொள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் கடல் பக்கமே போக ஆசைப்படாதே. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை உனக்குப் போதும்.

6. கிழக்கே தியோமான் தீவு நீலமாகத் தெரியும். அங்கே பாறையோரம் களவாயும் செம்மீனும் கொழுத்துத் திரியும் என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். அது கடல் பூங்கா. தீவைச் சுற்றி 2 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கத் தடை. தெக்கோங்கிடம் கூடுதல் பணம் காட்டிக் கேட்காதே. பிடிபட்டால் நீ அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவாய், அவர் பிழைப்பு போய்விடும்.

7. மயில்மீனுக்குப் பொறுமைதான் தூண்டில். முதலில் சின்ன முட்கள் கோத்த சரத்தை இறக்கி, செலாரோ கானாங்கெளுத்தியோ உயிரோடு பிடித்துத் தொட்டியில் விடுவார்கள். பிறகு பறவைகளைத் தேடுவார் தெக்கோங். மயில்மீன்கள் நெத்திலிக் கூட்டத்தை வளைத்து மேலே தள்ளும்போது பறவைகள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து எழும். அங்கேதான் உயிர் இரையை விடுவாய். அது இரையைக் கவ்வியதும் ரீல் கிர்ரென்று ஓடும். உன் இளம் ரத்தம் கம்பை உடனே வெட்டி இழுக்கச் சொல்லும். இழுக்காதே. இழுத்தால் வட்டமுள் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். மீன் திரும்பி ஓடட்டும். ரீலைப் பூட்டி, நரம்பு இறுகும்வரை மெல்லச் சுற்று. முள் தானே உருண்டு வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். நான் முதலில் பயன்படுத்திய பழைய வளைவு முட்கள் இரைப்பைவரை போய்க் கிழிக்கும். படகில் யாராவது அதை எடுத்தால் வேண்டாமென்று சொல், பெரியவராக இருந்தாலும் சொல்.

8. பிடித்த மயில்மீனைக் கடலுக்கே திருப்பிக் கொடு. ரொம்பினில் இப்போது பெரும்பாலும் அதுதான் வழக்கம். என் முதல் மீனைப் பற்றி இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. படகோரம் வந்தபோது அது எரிகிற நீலமாக இருந்தது. முதுகுப் பாய் விரிந்து நின்றது. அதில் கரும்புள்ளிகள், விலாவில் வரிவரியாக வெளிர்நீலம். நம் ஊர் மீனவர்கள் ஏன் மயில் என்று பெயர் வைத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. நாங்கள் அதை மேலே தூக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் மடியில் வைத்துப் படம் எடுத்தோம். மூன்றாவது ஆள் கைக்கு வரும்போது நீலம் வடிந்து பழுப்பாயிருந்தது, ஐந்தாவது ஆளிடம் சாம்பலாகிவிட்டது. தண்ணீரில் விட்டோம். வெள்ளை வயிறு தெரிய, சாய்ந்தபடியே இறங்கிப் போனது.

நீ அப்படிச் செய்யாதே. கையுறை போட்டுக்கொண்டு அதன் மூக்கைப் பிடி, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். உடல் தண்ணீரிலேயே இருக்கட்டும். தெக்கோங் படகை மெல்ல முன்னால் செலுத்துவார், செவுளுக்குள் தண்ணீர் ஓடும். அவசரப்படாமல் பிடித்துக்கொண்டே இரு. கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பும். உன் கையில் ஒரு உதறல் தெரியும், அப்போது விடு. படம் வேண்டுமென்றால் தண்ணீரில் இருக்கும்போதே நண்பன் ஒன்று எடுக்கட்டும். மிதவையாகக் கட்டிய பலூனையும் அறுந்த தங்கூஸையும் கடலில் விடாமல் பைக்குள் போடு.

9. வீட்டுக்கென்று வஞ்சிரமோ பாரையோ கிடைத்தால் ஆளுக்கு 5 கிலோவுக்குள் வைத்துக்கொள். நம் பக்கத்தில் அதற்குமேல் விடமாட்டார்கள். மிச்சத்தைத் துறையில் உதவி செய்த பையன்களுக்குக் கொடு. மலிவாயிருக்கிறதென்று சிகரெட்டோ மதுவோ வாங்கிவராதே, மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டுக்கும் வரிச்சலுகை கிடையாது. யாராவது ‘இந்தப் பொட்டலத்தை மட்டும்’ என்று நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடு.

உட்லண்ட்ஸ் தாண்டியதும் முதலில் அம்மாவுக்குப் பேசு. அடுத்து தெக்கோங்குக்கு. எந்த நேரமானாலும் எடுப்பார், கரை திரும்பியவர்கள் வீடு போய்ச் சேரும்வரை அவருக்குத் தூக்கம் வராது. ‘சுடா சம்பாய், பாக் சிக்’ என்று சொல், வந்து சேர்ந்துவிட்டோம் என்று பொருள்.