திராட்சை எழுதிய வெப்பநிலைக் கணக்கு

மாணவர்களே, வெப்பமானி இல்லாத காலத்தில் ஓர் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தது என்று இன்று எப்படி அறிவது? பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் போன் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அங்கே இலையுதிர்காலத்தின் தொடக்கம்தான் அறுவடைக் காலம்.

பழம் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, நகர மன்றக் குறிப்புகள், பிற்காலச் செய்தித்தாள்கள் ஆகியவற்றைப் புரட்டி, 1354 முதல் 2018 வரை அறுவடை தொடங்கிய நாள்களை ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். அந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கூலி தரப்பட்டது வானிலையைப் பதிவு செய்வதற்காக அல்ல. ஆனாலும் அந்தக் கணக்கு இன்று பருவநிலைச் சான்றாகிவிட்டது!

காரணம் எளிது. திராட்சைக்கொடி வசந்தத்தில் துளிர்த்து, கோடையின் தொடக்கத்தில் பூக்கும். பூத்ததிலிருந்து பழுக்கச் சுமார் 100 நாள் ஆகும். வசந்தமும் கோடையும் வெப்பமாக இருந்தால் எல்லாம் முந்தும். குளிராக இருந்தால் பிந்தும். போரும் கொள்ளைநோயும்கூட அறுவடை நாளை மாற்றக்கூடியவை. அதனால்தான், 17ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் பாரிஸ் வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டு இந்த நாள்களைச் சரிபார்த்தார்கள்.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. பிரான்சில் 1582ஆம் ஆண்டு டிசம்பர் 9க்கு மறுநாள் டிசம்பர் 20! பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 10 நாள்கள் விடப்பட்டன. பழைய தேதிகளைத் திருத்தாமல் பயன்படுத்தினால், 16ஆம் நூற்றாண்டு உண்மையில் இருந்ததைவிட வெப்பமானதாகத் தோன்றும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

குளிரின் உச்சத்துக்கு 1816 நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முந்தைய ஏப்ரலில் நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. மேல் வளிமண்டலத்தில் பரவிய கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்தன. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை எனலாம். பிரான்சில் திராட்சை பழுக்க அக்டோபராகிவிட்டது. வெப்பத்தின் பக்கம் 1540: மழை பொய்த்து, ரைன் ஆற்றைச் சில இடங்களில் நடந்தே கடந்தார்களாம்.

"அப்படியானால் கடும் வெயில் புதிதல்லவே?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1720 முதல் 2002 வரை, 283 ஆண்டுகளில், மிக முந்திய அறுவடை 5 முறைதான் நிகழ்ந்தது. 2003 முதல் 2018 வரை, வெறும் 16 ஆண்டுகளில், 8 முறை! 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988 முதல் அது 13 நாள் முந்திவிட்டது. அன்று விதிவிலக்காக இருந்தது இன்று வழக்கமாகிவிட்டது.

முந்துவதில் ஆபத்தும் உண்டு. சீக்கிரம் துளிர்க்கும் கொடி பின்பனியில் சிக்கும். 2021 ஏப்ரலில் பிரெஞ்சு விவசாயிகள் இரவெல்லாம் தோட்டங்களில் தீ மூட்டிக் காவல் காத்தும், ஏராளமான இளந்துளிர்கள் கருகின.

பயிற்சி: 1570ஆம் ஆண்டுக் கணக்கேடு ஒன்றில் அறுவடை செப்டம்பர் 5 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய நாட்காட்டியில் அது எந்த நாள்? 1988க்குப் பிந்தைய சராசரியோடு அதை ஒப்பிடுங்கள்.