குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் கண்

நாள் முந்திப் பிறந்த கைக்குழந்தையோடு சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அனேகமான வீடுகளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர் அவர்தான்.

கண்ணின் உட்புறத்தில் காட்சி விழும் மெல்லிய படலத்தை விழித்திரை என்பார்கள். அதன் இரத்தக் குழாய்கள் தாயின் வயிற்றில் நான்காம் மாதமளவில் வளரத் தொடங்கி, பத்தாம் மாதத்தில்தான் ஓரம்வரை போய்ச் சேரும். பிள்ளை முந்திப் பிறந்தால் அந்த வளர்ச்சி இடையில் தடைப்படும். சில பிள்ளைகளுக்குக் குழாய்கள் பின்னர் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையை இழுத்துக் கழற்றிவிடும். பிறகு பார்வையை மீட்பது மிகவும் கடினம். ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சினால் இந்த ஆபத்துக் கூடும். அதற்காக ஒட்சிசன் கொடுத்ததே பிழை என்று எண்ணவேண்டாம், பல பிள்ளைகளின் உயிரைக் காத்தது அதுதான். தாய் சாப்பிட்டதோ, கிரகணமோ இதற்குக் காரணம் அல்ல.

வெளியே பார்த்தால் கண் வடிவாகத்தான் இருக்கும். கருமணியில் வெள்ளை தெரியும்போது பெரும்பாலும் காலம் பிந்திவிடும். ஆகவே 34 கிழமைக்கு முன்னர் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த நிறையுள்ள பிள்ளைக்குக் கண் பரிசோதனை வேண்டுமா என்று வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். முதற் பரிசோதனை பொதுவாகப் பிறந்து நான்கு கிழமையளவில் நடக்கும். கண்ணில் துளிமருந்து விட்டு, இமையை விரித்துப் பார்ப்பார்கள். பிள்ளை வீரிட்டு அழும், சற்று நேரத்தில் ஆறிவிடும். ஒருமுறை பார்த்து "பரவாயில்லை" என்றால் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். இனி வரத்தேவையில்லை என்று கண் வைத்தியர் சொல்லும்வரை, அவர் தரும் ஒவ்வொரு திகதிக்கும் போகவேண்டும். நோய் முற்றுவதாகக் கண்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சையோ ஊசியோ தேவைப்படும்.

கிளினிக் நாளும் லொறி வரும் நாளும் ஒன்றாக வந்தால் பிள்ளையையும் தாயையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள், சாமான்களோடு மற்றவர்கள் போகலாம். அதற்கு வழியில்லாவிட்டால், புறப்படுமுன் வார்ட்டில் சொல்லி, போகும் இடத்துக்குக் கிட்டவுள்ள கண் வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தையும், வைத்தியசாலைத் துண்டையும், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் சாமான் மூட்டையில் கட்டாமல் கையில் வைத்திருங்கள். ஊர் சேர்ந்ததும் அவற்றை அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டி, அடுத்த பரிசோதனைத் திகதியைச் சொல்லுங்கள்.