மருத்துவ பீட வாசலில் காத்திருக்கும் ஆண்டு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மறுமாதமே மருத்துவ பீடத்தில் போய் அமர்ந்துவிடுவதில்லை என்பது பெற்றோர் யாவரும் அறிந்ததே. பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையே சில மாதங்கள், பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கும்வரை மேலும் சில மாதங்கள், அதன்பின் பதிவு, அதற்கும் பிறகே பீடம் திறக்கும் நாள். 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023இன் தொடக்கத்தில்தான் நடைபெற்றது. பெறுபேறு அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியாயிற்று. இவ்வாறு ஓர் ஆண்டு, சில வேளைகளில் அதற்கு மேலும், நம் பிள்ளைகளின் வாழ்வில் காத்திருப்பாகவே கழிகிறது.

இந்த ஆண்டை என்ன செய்வது? உப்புக்குளத்திலும் பள்ளிமுனையிலும் பேசாலையிலும் வங்காலையிலும் உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இக்கேள்வி எழாமல் இராது. "பாவம், படித்துக் களைத்த பிள்ளை, இருக்கட்டும்" என்பார் தாய். "வீட்டில் சும்மா இருக்கிறான்" என்பார் தந்தை. இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஒரு மாதம் ஓய்வு வேண்டியதே. பன்னிரண்டு மாத ஓய்வோ பிள்ளையைச் சோர்வில் ஆழ்த்திவிடும்.

நம் ஊரின் பெயரே இதற்கு நல்ல பாடம். கடல்நீர் உப்பாவதற்கு வெயிலும் காற்றும் நாளும் வேண்டும். அந்த நாள்களை எவராலும் குறைக்க முடியாது. ஆனால் பாத்தி கட்டி, வரம்பு போட்டு, நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் திருப்புவது மனிதன் கை. அது நடவாவிட்டால் எவ்வளவு வெயில் எரித்தாலும் உப்பு விளையாது.

இந்த இடம் யாருடையது?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. ஆதலால் இம்மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் அவனது உழைப்பின் பயன் மட்டுமன்று, இம்மாவட்டத்து மக்களின் பெயரால் தரப்படுவதுமாகும். அம்மக்கள் எந்த நோயால் வருந்துகிறார்கள், எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறார்கள் என்பதை அவன் பீடத்துக்குப் போகுமுன்பே கண்டுகொள்வது நன்று. இனிக் காத்திருப்பவன் செய்யத்தக்கவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: மொழி

தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்த பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் கற்பிப்பது ஆங்கிலத்தில். முதல் மாதங்களில் திறமைசாலிகளும் திணறுவது இதனாலேயே. நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கென ஒதுக்கி, வாசித்து, வாசித்ததைத் தன் சொற்களில் எழுதிப் பழகுபவன் ஓராண்டின் பின் வேறு மாணவனாய் இருப்பான். சிங்களமும் அவசியம். பட்டம் பெற்றபின் செய்யவேண்டிய ஓராண்டு உள்ளகப் பயிற்சி நாட்டின் எப்பகுதியிலும் அமையலாம்.

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் முதியோர் "நாரிநோ" என்பர், "தொய்வு" என்பர், "சலக்கடுப்பு" என்பர். இச்சொற்களை ஒரு கொப்பியில் எழுதிச் சேர்க்கும் மாணவன் நாளைக்கு நோயாளியின் பேச்சை இடைநடுவே மறிக்கமாட்டான். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். தமிழில் கற்றவர்கள் தங்கள் ஊர்களிலேயே தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது: கை பழகுதல்

செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. கரையோர மக்களுக்கு இதன் தேவையைச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் பொன்னான நிமிடங்கள் வீணாகின்றன. மூச்சில்லையாயின் உடனே வாயில் மூச்சு ஊதி நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் ஒருவர் அங்கு நிற்கவேண்டும். மன்னாரின் மணற்பாங்கான தரைகளில் சுருட்டை விரியன் உண்டு. கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீமையே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து விரைவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே முறை. இவற்றைத் தான் கற்று, வாடிகளில் இருப்போருக்கும் கற்றுக் கொடுத்தால் அதுவே ஒரு பெரும் பணி.

மூன்றாவது: சுகாதாரப் பணியாளரோடு நடத்தல்

ஆஸ்பத்திரி வார்ட்டில் வெள்ளை அங்கி அணிந்து நிற்கும் காலம் தானாக வரும். அதற்குமுன், சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியுடன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் குடும்பநல உத்தியோகத்தரோடும் சில நாள்கள் வீடு வீடாகச் செல்வது பெரும் படிப்பு. அங்கே கேட்பதை வெளியே சொல்லாதிருப்பதும் அப்படிப்பின் ஒரு பாடம்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1934-35இல் அந்நோய் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. பின்னர் மருந்து தெளித்து அடக்கப்பட்டு, 1963இல் நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. காவல் தளர்ந்தது, சில ஆண்டுகளுள் நோய் இலட்சக்கணக்கானோரிடையே மீண்டும் பரவியது. நாட்டினுள்ளேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வாண்டு முடியுமுன்பே, இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் நுளம்பு இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கே? நமது மன்னார்த் தீவில்! அது முட்டையிடுவது நம் வீட்டுக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலுமே. கிணற்றுக்கு வலைமூடி போடுவதும், புழுத் தின்னும் மீனை விடுவதும், தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும் சிறு வேலைகள். இவற்றை அயலவரோடு சேர்ந்து செய்பவன் நோய்த் தடுப்பு என்னும் பாடத்தின் முதல் அதிகாரத்தைக் கற்றுவிட்டான்.

நான்காவது: கொடுத்தல்

வேதியியலும் பௌதிகவியலும் மறவாதிருக்கச் சிறந்த வழி இளையோருக்கு அவற்றைப் படிப்பித்தல். உழைக்கவேண்டிய வீடுகளில் பிள்ளை உழைக்கட்டும்; தகப்பனோடு கடலுக்குப் போவதோ கடையில் நிற்பதோ படித்தவனுக்கு இழுக்கல்ல. 18 வயது நிறைந்து உடல்நலமும் உள்ளவர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம்.

குருத்துவப் பயிற்சியிலும் மெய்யியலுக்கும் இறையியலுக்கும் இடையே மாணவரைப் பங்குகளில் பணிபுரிய அனுப்பும் வழக்கம் உண்டு. நூல்கள் தரமுடியாத அறிவை மக்கள் தருவர் என்பதே காரணம். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடரும் இதற்குச் சான்று. நோயுற்ற தாயைப் பார்க்க 1890இல் திண்டிவனம் வந்தவருக்கு மருத்துவராகும் எண்ணமே இல்லை. ஓர் இரவில் மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவும்படி அவரை அழைத்தனர். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்கள் இசையவில்லை. விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின்னரே அவர் மருத்துவம் கற்றார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார்.

பெற்றோருக்கு

இடம் உறுதியாகாத பிள்ளையின் நிலை வேறு. அனுமதிக்காக மூன்று தடவைகள் மட்டுமே பரீட்சைக்குத் தோற்றலாம். மீண்டும் எழுதுவதா என்பதை அயலவர் வாய்க்குப் பயந்து தீர்மானிக்க வேண்டாம். விண்ணப்பத்தில் பாடநெறிகளின் ஒழுங்கைக் கவனமாக இடுங்கள். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், சித்த மருத்துவம் யாவும் நோயாளருக்கான பணிகளே. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றுத் தருவதாக இக்காலத்தில்தான் தரகர் வருவர். காணியை ஈடு வைக்குமுன் அக்கல்லூரி அங்கீகரிக்கப்பட்டதா என இலங்கை மருத்துவச் சபையிடம் கேளுங்கள். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் இங்கே பதிவு பெற அச்சபையின் பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும்.

பெண் பிள்ளைகளை இந்த ஓராண்டும் வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோரே, நாளை அவள் இரவு வேளையில் வார்ட்டில் தனித்து முடிவெடுக்க வேண்டியவள். அதற்கான துணிவை இன்றே பழகவிடுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. காத்திருக்கும் நம் பிள்ளை கடந்த ஒரு வாரத்தை எவ்வாறு செலவிட்டான்?

2. நம் கிணறும் தொட்டியும் நுளம்புக்கு இடங்கொடாதபடி இருக்கின்றனவா?

3. மருத்துவ இடம் கிடையாவிட்டால் நம் வீட்டில் அவனுக்கு இன்றுள்ள மதிப்பு குறையுமா? குறையாது என்பதை அவனிடம் சொல்லியிருக்கிறோமா?