மேஜை ரம்பத்துக்கு ஏற்ற பிளேடு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தஞ்சாவூர் வீணைக்குப் பலாக்கட்டை தரும் பண்ருட்டியும், மீன்பிடிப் படகுகள் கரை சேரும் கடலூர் முதுநகரும், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளையும் வலம்வரும் சிதம்பரமும் அடங்கிய இந்த வட்டாரத்தில், மரவேலை நேற்று வந்த தொழில் அன்று. கைவாள் பிடித்த தலைமுறைக்கு, எந்த மரத்துக்கு எந்த வாள், எந்தத் திசைக்கு எந்தப் பல் என்னும் விவேகம் பரம்பரையாக வந்து சேர்ந்தது. மோட்டார் பூட்டிய மேஜை ரம்பம் பட்டறைக்குள் புகுந்த பிறகோ, யந்திரத்தின் பலமே போதும், பிளேடு எதுவாயிருந்தால் என்ன என்ற அலட்சியம் பரவி, சில தவறான அபிப்பிராயங்கள் சாஸ்திரம்போல நிலைத்துவிட்டன. அவற்றால் மரம் வீணாவது மட்டுமன்றி விரலும் போகிறது. ஆகையால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: பற்கள் அதிகமாயிருந்தால் அதுவே உயர்ந்த பிளேடு.

உண்மை: பற்களின் எண்ணிக்கை தரத்தைக் காட்டுவதன்று, வேலையைக் காட்டுவது. பலாப் பலகையை நெடுக்கே அறுக்கும்போது, ரேகையோடு ஓடும் நார்கள் நீண்ட சுருள்களாக உரிந்து வருகின்றன. அவற்றை வாங்கிக்கொண்டு வெளியே எறிய, பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமான குழி வேண்டும். பத்து அங்குலப் பிளேடில் இவ்வேலைக்கு 24 முதல் 30 பற்கள் போதும். அவை உளியின் முனைபோல மட்டமாகத் தீட்டப்பட்டிருக்கும். அதே இடத்தில் 80 பல் பிளேடைப் பூட்டினால், சிறிய குழிகளில் மரத்தூள் அடைத்துச் சூடேறி, பலகையின் ஓரம் கறுத்து, மோட்டார் திணறும். குறுக்கே அறுக்கும்போது நிலைமை தலைகீழ்: நார்களை உரிப்பதன்று, துண்டிப்பதே காரியம். அதற்கு இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்த்துத் தீட்டிய 60 முதல் 80 பற்கள், சிம்பு எழாதபடி இரு ஓரங்களையும் கீறிச் செல்கின்றன.

நம்பிக்கை 2: ஒரே பிளேடு எல்லாவற்றுக்கும் போதும்.

உண்மை: 40, 50 பல் கொண்ட பொதுப் பிளேடு சிறு பட்டறைக்கு உதவும் என்பது மெய்தான், ஆயினும் அது எந்த வேலையிலும் பூரண திருப்தி தராது. பிளைவுட்டின் மேல்தாள் மிக மெல்லியது. பல் குறைந்தால் அடிப்பக்கம் பிய்ந்துவிடும். மைக்கா ஒட்டிய பலகைக்கோ, ஒரு பல் மூலை மழித்ததாகவும் அடுத்த பல் மட்டமாகவும் மாறி மாறி அமைந்த தனி வகை உகந்தது.

நம்பிக்கை 3: மிருதுவான மரம் பிளேடைக் கெடுக்காது.

உண்மை: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பலாவும் முந்திரியும் தென்னையும் திரள்திரளாகச் சாய்ந்தன. அத்தகைய தென்னையை அறுத்தவர்கள் அறிவார்கள்: உள்ளே பஞ்சுபோல் இருக்கும் அம்மரம் வெளிப்புறத்தில் இரும்பாக நிற்கும், அதிலுள்ள சிலிக்கா சாதாரண எஃகுப் பல்லை விரைவில் மழுக்கிவிடும். தேக்கிலும் சிலிக்கா உண்டு. இத்தகைய மரங்களுக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த டி.சி.டி. பிளேடே தகுந்தது. ஆனால் கார்பைடு கடினமானது மட்டுமன்று, நொறுங்குவதும்கூட. பழைய படகுப் பலகையிலும் சாலையோர மரத்திலும் மறைந்திருக்கும் ஆணி ஒன்று பட்டாலே முனை தெறித்துவிடும். ஆகவே அறுப்பதற்கு முன் ஆணி தேடுவது கடமை.

நம்பிக்கை 4: மரம் கருகினால் பிளேடு தீர்ந்துவிட்டது.

உண்மை: பல்லில் ஒட்டிய பிசின், பிளேடுக்கு இணையாக நில்லாத வழிகாட்டிக் கட்டை, தயங்கித் தயங்கித் தள்ளும் கை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றும் காரணமாகலாம். பிளேடைக் கழற்றிச் சலவைச் சோடா நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும். உண்மையாகவே மழுங்கியிருந்தாலும், வைரச் சக்கரத்தில் பலமுறை தீட்டி உபயோகிக்கலாம்.

நம்பிக்கை 5: மொண்ணைப் பிளேடு பத்திரமானது, கூர்மையே ஆபத்து.

உண்மை: இதைவிடக் கொடிய நம்பிக்கை வேறில்லை. மொண்ணைப் பிளேடுக்கு மரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. அழுத்திய கை வழுக்கினால் போகும் இடம் பிளேடுதான். மேலும், அறுத்த பிளவு பின்புறம் நெருங்கிப் பிளேடைக் கவ்வினால், பலகை தள்ளுபவரை நோக்கியே பாய்ந்து வரும். அதைத் தடுக்கவே பிளேடுக்குப் பின்னால் பிளவுத் தகடு நிற்கிறது. அதன் கனம் பிளேடின் உடலைவிட அதிகமாகவும், பற்கள் வெட்டும் தடத்தைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். 3.2 மில்லிமீட்டர் தடம் வெட்டும் பிளேடுக்கு அமைந்த தகட்டின் முன்னே, 2.4 மில்லிமீட்டர் தடத்து மெல்லிய பிளேடைப் பூட்டினால், பலகை தகட்டில் இடித்து நின்றுவிடும். அப்போது தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்பவர், தம் மார்புக்கு இருந்த காவலைத் தாமே விலக்கியவராகிறார். பிளேடை மாற்றினால் தகட்டையும் பொருத்தம் பார்க்கவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

நம்பிக்கை 6: வேகம் கூடினால் வெட்டுச் சுத்தமாகும்.

உண்மை: ஒவ்வொரு பிளேடிலும் தாங்கக்கூடிய உச்சச் சுழற்சி பொறிக்கப்பட்டிருக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் பத்து அங்குலப் பிளேடின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 40 மீட்டர் ஓடுகிறது. அதே தண்டில் பன்னிரண்டு அங்குலம் பூட்டினால் அது 48 மீட்டர் ஆகிவிடும். வீடு கட்டும் இடங்களில் மார்பிள் கட்டர் யந்திரத்தைத் தலைகீழாகப் பிளைவுட்டின் அடியில் திருகி, நிமிஷத்துக்குப் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றில், உறையுமின்றிப் பிளவுத் தகடுமின்றி அறுப்பது வழக்கமாகிவிட்டது. செலவு குறைகிறது என்பதற்காக இதை அனுமதிக்கும் ஒப்பந்தக்காரர், தொழிலாளியின் கையைப் பணயம் வைத்தே சிக்கனம் செய்கிறார்.

ஆதலால் கடையில் விலையைக் கேட்குமுன், என்ன மரம், எந்தத் திசையில் அறுப்பு, நம் யந்திரத்தின் சுற்று எவ்வளவு, தண்டின் விட்டம் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கையிலிருக்கட்டும். நெடுக்குக்கு ஒன்று, குறுக்குக்கும் பிளைவுட்டுக்கும் ஒன்று என இரண்டு நல்ல பிளேடுகளை வாங்கிவைப்பதும், மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிடுவதும் பட்டறை முதலாளியின் தர்மம். விலையுயர்ந்த யந்திரத்தால் கிட்டாத சுத்தமும் பத்திரமும், இந்தச் சிறு செலவால் நிச்சயம் கிட்டும்.