செய்த வேலைக்குச் சம்பளம் தராவிட்டால் என்ன செய்வது?



ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து வேர்க் பெர்மிட் கிடைத்ததும், ஃபக்ரறியோ றெஸ்ரோறன்ட் குசினியோ, கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். இரண்டு கிழமை முடிய முதலாளி சொல்கிறார்: "அது ட்ரெயினிங் தம்பி, அதுக்குக் காசு இல்லை." அல்லது "அடுத்த கிழமை பாப்பம்." ஊர்க் கடனுக்கு வட்டி ஏறுது, இங்கே வாடகை நாளும் வருது. ஆனாலும் பலர் வாய் திறப்பதில்லை. "கேஸ் நடக்குது, எங்களுக்கேன் வம்பு" என்ற பயம். முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம்.

முறைப்பாடு செய்தால் அகதிக் கேஸ் பாதிக்குமா?

இரண்டும் வேறு வேறு இடங்கள். அகதிக் கோரிக்கையை விசாரிப்பது சமஷ்டி அரசின் குடிவரவு அகதிகள் சபை. சம்பள முறைப்பாடு போவது ஒன்ராறியோ மாகாணத்தின் தொழில் அமைச்சுக்கு. உழைத்த காசைக் கேட்பது குற்றம் அல்ல. கேட்டதற்காக முதலாளி உங்களை நிற்பாட்டுவதும் வெருட்டுவதும்தான் சட்டத்துக்கு மாறானது.

வேர்க் பெர்மிட் இல்லாமல் வேலை செய்தவருக்கும் செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பெர்மிட் இல்லாத வேலை குடிவரவு விடயத்தில் சிக்கல் தரலாம். அப்படியானவர்கள் முதலில் சட்ட உதவிக் கிளினிக்கில் ஆலோசனை கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000 ஆம் ஆண்டின் வேலை நியமங்கள் சட்டம் பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். (வங்கி, விமான சேவை, மாகாணம் கடந்து ஓடும் ட்ரக் வேலைகளுக்குச் சமஷ்டிச் சட்டம் வேறாக உண்டு.)

* முதலாளி பழக்கும் நேரமும் வேலை நேரமே. அதற்கும் சம்பளம் உண்டு.
* ஒவ்வொரு சம்பளத்துடனும் கணக்கு எழுதிய பே ஸ்ரப் தரவேண்டும். கையில் காசாகத் தந்தாலும் இது கட்டாயம்.
* வேலை பிழைத்துவிட்டது என்று சொல்லிச் சம்பளத்தில் வெட்ட முடியாது.
* வேலையை விட்டால், மீதிச் சம்பளம் 7 நாளுக்குள் அல்லது அடுத்த சம்பள நாளில், இரண்டில் எது பிந்தியதோ அன்றைக்குள் தரவேண்டும்.
* பொதுவாகக் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு.

ஒரு கணக்கு

மணிக்கு 20 டொலர், ஒரு கிழமையில் 50 மணித்தியாலம். முதலாளி தந்தது 1000 டொலர். சரியா? இல்லை.

44 x 20 = 880
6 x 30 = 180
மொத்தம் 1060

60 டொலர் குறைவு. இதைவிட லீவுப் பணம் குறைந்தது 4 வீதம், அதாவது 42 டொலர் 40 சதம், உங்களுக்குச் சேரவேண்டும்.

எப்படி முறைப்பாடு செய்வது?

முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு ரெக்ஸ்ற் மெசேஜ் போதும், அதை அழிக்க வேண்டாம். அவர் தராவிட்டால் தொழில் அமைச்சின் முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஓர் அதிகாரி விசாரித்து, காசைக் கொடுக்கும்படி முதலாளிக்குக் கட்டளையிடலாம். ஏஜென்சி மூலம் வேலை செய்தவர்கள் ஏஜென்சியின் பெயரையும் வேலை செய்த கொம்பனியின் பெயரையும் எழுதுங்கள்.

சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் முறைப்பாடு செய்யவேண்டும். "பிறகு பாப்பம்" என்று இருந்து காலத்தை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுப்பாடம்

முதலாளிதான் நேரக்கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் வைக்காவிட்டால்? இன்றைக்கே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பாட்டு நேரம், கிடைத்த காசு, சுப்பவைசரின் பெயர். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. நாளைக்கு "இவர் என்னிடம் வேலையே செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கொப்பிதான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் கொப்பியையும் பே ஸ்ரப்புகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். இருந்து சேர்ந்து எழுதுவோம்.