சட்டமும் அறமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சட்டம் என்பது யாது? ஆளும் அதிகாரம் இடும் கட்டளை, மீறினால் தண்டனை. அவ்வளவே என்றார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின். அது நல்லதா தீயதா என்பது வேறு கேள்வி என்பது அவர் துணிபு. நூலில் படிக்கையில் தெளிவாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்து வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் பிறந்தது. முதலில் வட இந்தியாவில் இருந்தது. 1911-இல் திருத்தி இயற்றப்பட்டபின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தேனியும் கம்பமும் அடங்கியிருந்த அன்றைய மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் மீது அது பாய்ந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ படுக்க வேண்டும். ஊர் தாண்டினால் ராதாரிச் சீட்டு வேண்டும். களவு செய்தானா என்ற விசாரணை இல்லை. பிறந்ததே போதும்! ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்புச் செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கவும் கூடாது.

சோதனைச் சாலையில் ஒரு புட்டியைச் சோதித்துவிட்டு அலமாரி முழுவதற்கும் ஒரே சீட்டை ஒட்டினால் எங்கள் பேராசிரியர் விடுவாரா?

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தோர் மீது போலீசார் சுட்டனர். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

அமெரிக்கப் பேராசிரியர் லான் ஃபுல்லர் 1964-இல் எழுதிய நூலில், இயலாததைச் செய்யச் சொல்வது சட்டமாகாது என்று வாதிட்டார். களவாடாதே என்றால் களவாடாமல் இருக்கலாம். இக்குலத்தில் பிறக்காதே என்றால் என் செய்வது? ஆயினும் அவரோடு விவாதம் புரிந்த ஹார்ட் கூறியதே எனக்கு உடன்பாடு: அதுவும் சட்டந்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவு தீய சட்டம். சட்டமே அன்று என்று சொல்லிவிட்டால், அதை இயற்றியோரும் அதன்படி தண்டித்தோரும் எளிதில் தப்பிவிடுவர்.

வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும், பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் எதிர்த்துப் போராடிய இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது.

ரேகை வாங்கிய அதே அரசுதான் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான் அத்தகைய பள்ளியொன்றில்தான் எழுத்தறிந்தேன். பள்ளி வந்ததால் சட்டமும் நல்லதே என்பாரும் உளர். நான் ஒப்பேன். மற்ற ஊர்களிலும் அவ்வரசு பள்ளிகள் நடத்தியது. அங்கே யாரிடமும் ரேகை கேட்கவில்லை.