துறைமுகமும் தூதுவரும்

கேள்வி: சர்வதேசச் சமாதானத்துக்காக உழைக்கும் இராஜதந்திரியாவது எங்ஙனம்? சிறிய நாட்டவரான நமக்கு அது சாத்தியமா? (ஒரு வாசகர், திருகோணமலை)

பதில்: 1957 வரை பிரித்தானியக் கடற்படை தளமாகக் கொண்டிருந்ததும், 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டதுமான துறைமுகத்தின் கரையில் வசிக்கும் தாங்கள் இவ்வினாவை எழுப்பியது மிகப் பொருத்தமே. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1971 டிசம்பரில் பிரகடனம் செய்ததும் இலங்கையின் முயற்சியால்தான். வல்லரசுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

சிறுமை தடையன்று என்பதற்கு நம் நாட்டு இராஜதந்திரி ஜயந்த தனபாலவே சான்று. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆயுளை நிர்ணயிக்க 1995இல் நியூயார்க்கில் கூடிய மகாநாட்டுக்குத் தலைமை வகித்த அவர், வாக்கெடுப்பு நடந்தால் பிளவு நிரந்தரமாகும் என்றுணர்ந்து, மூன்று தீர்மானங்களையும் மத்திய கிழக்கு பற்றிய பிரேரணையொன்றையும் ஒரே கட்டாக இணைத்து, வாக்கெடுப்பின்றியே ஒப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடிக்கச் செய்தார். அணு ஆயுதம் வைத்திருப்போருக்கு அதனால் சலுகை கிடைத்ததென்ற குறை நியாயமானதே. எனினும் அவர் சாமர்த்தியத்தை மறுப்பார் இலர். 1998 முதல் 2003 வரை ஐ.நா.வின் ஆயுதக் குறைப்புத் துறைக்கும் அவரே தலைவர்.

இராஜதந்திரியாவதற்குப் பட்டம் பெற்றபின் வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அதுவரை சர்வதேசச் சட்டத்தையும் சரித்திரத்தையும், சிங்களம் ஆங்கிலம் இரண்டையும் பயிலுங்கள். பரீட்சை அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும். தவறாது கவனித்து வாருங்கள்.